கந்தோரில் பரிசு கொடுக்கும் முறை

நத்தார் நெருங்கும்போது நம் குடும்பங்களில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு பேச்சு உண்டு. கேக் எத்தனை இறாத்தல் போடுவது, அயலட்டைக்கு எத்தனை தட்டு, மறைக்கல்வி ஆசிரியைக்கு என்ன, கன்னியர் மடத்துக்கு என்ன என்று தாயார் விரல் மடித்துக் கணக்குப் பார்ப்பார். கணக்கு முடிகிற நேரத்தில் தகப்பனார் மெல்லத் தொண்டையைச் செருமி, "கந்தோருக்கும் கொஞ்சம் வேணும்" என்பார். "எத்தனை பேருக்கு? பெரியவருக்குத் தனியாகவோ, எல்லாருக்கும் பொதுவாகவோ?" என்ற கேள்வி வந்தவுடன் வீட்டில் ஒரு மௌனம் விழும். இப்போது தாய்மாரும் பெண்பிள்ளைகளும் வேலைக்குப் போகிற காலமாகையால், ஒரே வீட்டில் இரண்டு மூன்று கந்தோர்களின் கணக்கு வந்து சேர்கிறது.

அயலவருக்குக் கொடுப்பதில் நமக்குக் குழப்பமில்லை. தட்டுப் போகும், தட்டு வரும். தீபாவளிக்கு அவர்கள் வீட்டுப் பலகாரம் வந்த தட்டிலேயே நத்தாருக்கு நமது கேக் திரும்பிப் போகும். கந்தோர், பாடசாலை, ஆஸ்பத்திரி, வங்கி, கடை ஆகிய இடங்கள் அப்படியல்ல. அங்கே நம்மோடு இருப்பவர்களை நாம் தெரிந்தெடுக்கவில்லை. அவர்களுள் ஒருவர் நமது லீவுக்கு ஒப்பமிடுகிறவர். இன்னொருவர் நாம் ஒப்பமிட்டால்தான் லீவு எடுக்கக்கூடியவர். ஒருவருக்குச் சம்பளம் மிஞ்சும்; மற்றவருக்கு அது மாத நடுவிலேயே முடிந்துவிடும். கொடுப்பதும் வாங்குவதும் இந்த மேடுபள்ளத்தின் மேல்தான் நடைபெறுகின்றன. ஆகவே அயலில் அன்பாக இருக்கும் ஒரு கொடை, கந்தோரில் ஒருவரைச் சங்கடத்தில் மாட்டிவிடக்கூடும். நாம் கொடுத்தபின்னரும் வாங்கியவர் முன்போலவே கூச்சமின்றி நம் முகத்தைப் பார்க்கிறாரா? கொடுக்க இயலாதவர் தலைநிமிர்ந்து இருக்கிறாரா? பரிசின் விலையைவிட இந்த இரண்டு கேள்விகளுமே இங்கே முக்கியமானவை.

சுற்றி வந்த தாள்

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் வேலைபார்த்த ஒரு கந்தோரில் மேலதிகாரியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பரிசு வாங்கக் காசு சேர்ப்பதற்காக ஒரு தாளில் எல்லோருடைய பெயரையும் எழுதி, எதிரே தொகை எழுத இடம்விட்டு, மேசை மேசையாகக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனார்கள் என்று மற்றவர்கள்மேல் போடுவானேன்? கொண்டுபோனவன் நான்தான். முதலில் பிரதம எழுதுவினைஞர் 500 ரூபா என்று எழுதினார். அந்த நாளில் அது பெரிய காசு. அவருக்கு அடுத்தவர் அதிலும் குறைய எழுதுவாரா? அவரும் 500. அதற்கு அடுத்தவரும் அப்படியே. கடைசியில் தாள் வாசலடியில் இருந்த சிற்றூழியரிடம் வந்தது. அவர் அதை மேலிருந்து கீழாக இரண்டு தரம் பார்த்தார். "எல்லாரும் ஒரே மாதிரித்தானோ தம்பி?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டு, "உங்களுக்கு ஏலுமானதை எழுதுங்கோ அண்ணை" என்றேன். அவர் 500 என்றே எழுதினார்.

அந்த மாதம் அவர் கந்தோர்ச் சீட்டைக் கழிவுக்குக் கூறி எடுத்தார் என்பதும், அந்தச் சீட்டு அவருடைய பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடி வாங்கவென்று அவர் கட்டிவந்தது என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரியவந்தன. சேர்ந்த பணத்தில் ஒரு சுவர் மணிக்கூடு வாங்கிக் கொடுத்தோம். கல்யாண வீட்டுக்கு அதைப்போல இன்னும் மூன்று மணிக்கூடுகள் வந்திருந்தன. மேலதிகாரி நல்ல மனிதர். நடந்தது தெரிந்திருந்தால் அவரே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார். அவர் எங்களிடம் எதையும் கேட்கவில்லை. எங்களில் எவரும் எவரையும் வற்புறுத்தவுமில்லை. ஆனால் தாள் வற்புறுத்தியது.

"ஏலுமானதை எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டால் ஒருவருக்கு விடுதலை கிடைத்துவிடும் என்று அன்று நான் எண்ணியிருந்தேன். பெயரும் தொகையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்வரை, குறைத்து எழுதுகிறவர் தம் வறுமைக்குக் கையொப்பம் வைக்கிறார். இன்று தாளின் இடத்தை வாட்ஸ்அப் குழு பிடித்துக்கொண்டது. அது இன்னும் மோசம். இன்னார் 2,000 அனுப்பினார், இன்னார் 3,000 அனுப்பினார் என்று வங்கிச் சிட்டையின் படத்தோடு எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் வந்து விழுகிறது. அனுப்பாதவரின் பெயரை எவரும் எழுதவேண்டியதில்லை. அது தானாகவே தெரிந்துவிடுகிறது.

இந்தப் பொறுப்பு உங்கள் கைக்கு வந்தால் செய்யவேண்டியது பெரிய காரியமன்று. ஒரு கடித உறையையும் ஒரு வாழ்த்து மடலையும் ஒன்றாகச் சுற்றவிடுங்கள். போடுகிறவர் உறைக்குள் போடட்டும். போட இயலாதவர் விடட்டும். மடலில் எல்லோரும் கையொப்பமிடட்டும். யார் எவ்வளவு போட்டார் என்பது உங்களுக்கே தெரியாதிருக்கட்டும். வலது கை, இடது கை பற்றி ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்தது கந்தோர் உறைக்கும் நன்றாகப் பொருந்தும். சேர்ந்த தொகைக்கு ஏற்பப் பரிசை வாங்குங்கள். பரிசை முதலில் தீர்மானித்து, அதன் விலையை ஆட்களின் எண்ணிக்கையால் பிரிக்கும் வழக்கமே பெரும்பாலும் இந்தத் துன்பத்துக்குக் காரணம். சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் எந்த உறையும் புறப்படக்கூடாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இதைவிட நல்லது நலன்புரிச் சங்கம். மாதாமாதம் ஒரு சிறு தொகை. கல்யாணம், பிள்ளைப்பேறு, மரணவீடு, இளைப்பாறுதல் ஆகியவற்றுக்கு விதிப்படி கொடுப்பனவு. மேலதிகாரியின் மகளுக்கும் சிற்றூழியரின் மகளுக்கும் ஒரே தொகை போகும். அங்கத்துவப் பணத்தைச் சம்பளத்துக்கு ஏற்றவாறு படிப்படியாக வைத்தால் இன்னும் நல்லது. இதைக் கூட்டத்தில் முன்மொழிய மேசைக்காரர் எவராவது துணியவேண்டும். சிற்றூழியர் தமக்காகத் தாமே கேட்கமாட்டார்.

மேலே போகும் பரிசு

மேலதிகாரிக்குத் தனியாக ஒரு பரிசு கொடுக்கலாமா? வேண்டாம் என்பதே எனது அபிப்பிராயம். மரியாதைக்காகத்தானே என்பீர்கள். மரியாதைக்காகவே தொடங்கிய எத்தனையோ கொடைகள் வேறாக முடிந்திருக்கின்றன. பழந்தமிழில் பெரியோரைக் காணப் போகிறவர் கையில் கொண்டுபோகும் பொருளுக்குக் கையுறை என்று பெயர். கண்டி இராச்சியத்தில் பதவி பெறுகிறவர்கள் வெற்றிலைச் சுருளோடு காசும் வைத்து மேலவருக்குக் கொடுத்தார்கள். சிங்களத்தில் அதற்குப் 'புலத் சுருல்ல' என்று பெயர். மரியாதை மெல்ல மெல்ல விலையாயிற்று. இன்றும் நம் நாட்டில் 'சந்தோஷம்' என்ற நல்ல சொல் சில மேசைகளுக்கு முன்னால் என்ன பொருளில் வழங்குகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். சித்திரைப் புத்தாண்டில் சிங்களச் சகோதரர் வெறும் வெற்றிலையைக் கொடுத்து மூத்தவர்களை வணங்குவது வேறு விஷயம். அது அழகான வழக்கம். அதில் காசு இல்லை.

சட்டத்தையும் சற்றே தெரிந்துகொள்ளுங்கள். 1954 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க இலஞ்சச் சட்டத்தின்படி, அரசாங்க வேலை சம்பந்தமாக இலஞ்சம் வாங்குகிறவர் மட்டுமன்றிக் கொடுக்கிறவரும் குற்றவாளியானார். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்து, தனியார் துறையில் நடக்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியது. ஒரு துண்டு நத்தார்க் கேக்குக்காக எவரும் உங்களை நீதிமன்றத்துக்கு இழுக்கப்போவதில்லை. எனினும் இடமாற்ற விண்ணப்பம் மேசையில் கிடக்கும்போது கேக்கோடு ஒரு கைக்கடிகாரமும் போனால், அது எதற்காகப் போயிற்று என்று கேட்க எவருக்கும் உரிமையுண்டு.

அமெரிக்க மத்திய அரசாங்கம் தன் ஊழியர்களுக்கு இதைப்பற்றித் தெளிவான விதி வைத்திருக்கிறது. மேலதிகாரிக்குப் பரிசு கொடுக்கக்கூடாது. அதற்காக மற்றவர்களிடம் காசு சேர்க்கவும் கூடாது. பண்டிகை போன்ற வேளைகளில் இடையிடையே 10 டொலருக்கு மேற்படாத, பணமல்லாத பொருள் கொடுக்கலாம். கல்யாணம், நோய், இளைப்பாறுதல் போன்ற எப்போதாவது வரும் சந்தர்ப்பங்களில் அதற்குத் தகுந்த பரிசு கொடுக்கலாம். அதற்கும் சிறுதொகையாக, தானாக முன்வந்து கொடுக்கும் காசுதான் சேர்க்கலாம். அவ்வளவு செல்வமுள்ள நாட்டிலேயே, கீழே இருப்பவரின் சட்டைப்பைக்கு இப்படி ஒரு காவல் தேவைப்பட்டிருக்கிறது.

வாசகர்களுள் மேலதிகாரிகளும் இருப்பீர்கள். உங்கள் பங்கு இன்னும் பெரியது. தனியாக ஒரு பொட்டலம் உங்கள் அறைக்குள் வந்தால், கொண்டுவந்தவரின் மனம் நோகாதபடி வாங்கி, அவருடைய கண்முன்னாலேயே வெளியே பொதுமேசையில் வைத்து, "எல்லாருமாகச் சாப்பிடுவோம்" என்று சொல்லிவிடுங்கள். மறுமுறை அவரே பொதுமேசைக்குக் கொண்டுவருவார். விலையுயர்ந்த பொருளானால் அன்றைக்கே, தனிமையில், நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று அலுமாரிக்குள் வைத்த பரிசைத் திருப்புவது கடினம். யாத்திராகமத்தின் 23 ஆம் அதிகாரம் கையூட்டைத் தடைசெய்யும்போது அது பார்வையைக் கெடுப்பதையே காரணமாகக் காட்டுகிறது. நீங்கள் நீதிபதியல்லர்தான், ஆனால் யாருக்கு லீவு, யாருக்கு இடமாற்றம் என்று தீர்க்கும் வேளையில் நீங்களும் ஒரு தீர்ப்பாசனத்தில்தான் இருக்கிறீர்கள்.

மேலிருந்து கீழே கொடுப்பது நல்லது. அதைக் கொடுக்கும் விதம்தான் பெரும்பாலும் பிழைக்கிறது. கந்தோரைத் துப்புரவாக்கும் பெண்களும் வாசற்காவலர்களும் இந்நாளில் பெரும்பாலும் வெளிக் கம்பனிகளின் ஆட்கள். ஆகையால் நலன்புரிச் சங்கத்தில் அவர்களுக்கு இடமில்லை. பண்டிகை முற்பணம் இல்லை. கேக் வெட்டும்போது கூப்பிடவும் மறந்துபோகிறோம். ஒருவருக்குப் பொட்டலம் கட்டினால் இவர்களுக்கும் அதே பொட்டலம், அதே காகிதத்தில் கட்டுங்கள். பழைய உடுப்பை எல்லோரும் பார்க்கக் கையில் கொடுக்காதீர்கள். காசு கொடுப்பதானால் உறையில் அவருடைய பெயரை எழுதி, தனியாகச் சந்தித்துக் கொடுங்கள். நத்தார் தாத்தாவின் கதைக்கு மூலமான புனித நிக்கலாஸ், 4 ஆம் நூற்றாண்டில் மீரா நகரில் ஆயராக இருந்தவர். ஓர் ஏழைத் தகப்பனின் மூன்று பெண்பிள்ளைகளுக்காக அவர் பொற்காசு முடிப்பை இரவில் வீட்டுக்குள் எறிந்தார் என்பது மரபு. பகலில் வந்து கதவைத் தட்டி அவர் கொடுக்கவில்லை.

தட்டில் என்ன வைப்பது?

நமது நத்தார்க் கேக் பிராந்தியில் ஊறிய பழங்களால் ஆனது. முஸ்லிம் சகோதரர் அதைத் தொடமுடியாது. அவர் வாய்திறந்து சொல்லவும் கூச்சப்படுவார். துண்டை வாங்கிக் கைலேஞ்சியில் சுற்றி வைத்துக்கொள்வார். முட்டை சேர்ந்திருப்பதால் விரதகாரரான சைவர்களுக்கும் அது ஆகாது. நத்தாரை ஒட்டிய மார்கழி மாதத்தில்தான் பிள்ளையார் கதை முடிவடைவதும் திருவெம்பாவை வருவதும் உண்டு. டிசெம்பர் மாதப் பௌர்ணமி பௌத்தர்களுக்கு உந்துவப் போயா. சில் எடுத்தவர் மத்தியானத்துக்குப்பின் உணவு உண்பதில்லை. இத்தனையையும் நினைத்துத் தலையைச் சொறியவேண்டாம். கேக் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு வையுங்கள். பயற்றம் பணியாரம், முறுக்கு, வாழைப்பழம், பேரீச்சம்பழம் போதும். எந்தத் தட்டில் முட்டையும் பிராந்தியும் சேர்ந்திருக்கின்றன என்று ஒரு துண்டில் எழுதி வைத்தால், எவரும் எவரிடமும் கேட்கவேண்டிய தேவையில்லை. எடுத்துச் செல்ல விரும்புவோருக்குச் சில கடதாசிப் பைகளும் இருக்கட்டும். நோன்புக் காலத்தில் முஸ்லிம் நண்பருக்கு அது பெரிய உதவி.

நமக்கு வரும் தட்டையும் இதே கண்ணோடு பார்க்கவேண்டும். 2022 ஆம் ஆண்டில் சித்திரைப் புத்தாண்டு பெரிய வியாழனன்றே வந்தது. கொக்கிஸும் கேவுமும் பரிசுத்த வாரத்தில் மேசைக்கு வரும்போது, இனிப்பை ஒறுத்திருக்கும் நம்மவர் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எங்களுக்கு இப்ப தவக்காலம்" என்று விடைத்துச் சொல்வதைக் கண்டிருக்கிறேன். இரண்டு கைகளாலும் வாங்கி, "வீட்டை கொண்டுபோய் வைச்சு, பாஸ்காவுக்குச் சாப்பிடுறம்" என்று சொன்னால் ஒறுத்தலும் கெடாது, உறவும் கெடாது. கொடுத்தவர் நமது நோன்பை அறிந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன நியாயம் உண்டு? அவருடைய விரதத்தை நாம் அறிவோமா?

மரணம் நிகழ்ந்து ஆண்டு திரும்பாத வீட்டார் பலர் பண்டிகை கொண்டாடுவதில்லை. அப்படிப்பட்ட ஒருவரின் மேசையில் வண்ணக் காகிதம் சுற்றிய பெட்டியை வைக்காதீர்கள். ஒரு சீப்புப் பழத்தோடு மாலையில் அவர் வீட்டுக்குப் போய்ச் சற்றுநேரம் இருந்துவிட்டு வாருங்கள்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலைசெய்யும் இடத்தில் உடுப்பு, நகை, வாசனைத் திரவியம் ஆகியவற்றைத் தனிப்பட்ட முறையில் கொடுக்காதிருப்பது நல்லது. கொடுக்க விரும்பினால் குடும்பத்துக்கென்று கொடுங்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஈடுசெய்யும் அவசரம்

ஒருவர் பரிசு கொடுத்தவுடன் நமக்கு ஒரு பதற்றம் வருகிறது. அதற்குக் குறையாத ஒன்றை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடவேண்டும் என்று கடைக்கு ஓடுகிறோம். புனித தோமஸ் அக்குவினார் தமது இறையியல் பெருநூலில் நன்றியறிதலைப்பற்றி ஆராயும்போது இந்த அவசரத்தையும் எடுத்துப் பேசுகிறார். உள்ளத்தின் நன்றி உடனடியாகச் செல்லவேண்டும். பொருளாகச் செய்யும் கைமாறு தகுந்த வேளைக்குக் காத்திருக்கலாம் என்பது அவர் கருத்தின் சாரம். உடனே ஈடுகட்டத் துடிப்பவர் நன்றியுள்ளவரல்லர், மனமில்லாத கடனாளி என்ற உரோம ஞானி செனேக்காவின் எண்ணத்தையும் அவர் அங்கே ஏற்றுக்கொள்கிறார். கைமாற்றை அளக்கும்போது பொருளின் பெறுமதியைவிடக் கொடுத்தவரின் மனத்தையே பார்க்கவேண்டும் என்பதும் அவர் போதனை. ஆகவே, சக ஊழியர் ஒரு பேனை தந்தால் நீங்கள் பேனை தேடி அலையவேண்டாம். அவருடைய பிள்ளை சோதனை எழுதும் நாளில் அவருக்காக இரண்டு மணித்தியாலம் கூட இருந்து வேலைசெய்யுங்கள்.

இந்த ஈடுகட்டும் வழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. அங்கே பெப்ரவரி 14 ஆம் திகதி பெண் ஊழியர்கள் உடன் வேலைசெய்யும் ஆண்களுக்குச் சொக்கலேற் கொடுப்பது வழக்கமாயிற்று. அதற்குப் பெயரே 'கிரி சொக்கோ', அதாவது கடமைச் சொக்கலேற். அதை ஈடுசெய்ய மார்ச் 14 ஆம் திகதி என்று இன்னொரு நாளும் உண்டாயிற்று. பிறகு 2018 இல் கோடைவா என்னும் சொக்கலேற் கம்பனியே அங்குள்ள நாளிதழில் விளம்பரம் போட்டு, இந்தக் கடமைப் பரிசை நிறுத்துவோம் என்று கேட்டது! விற்கிறவருக்கே இரக்கம் வந்துவிட்டதென்றால் வாங்குகிறவரின் நிலையை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

நத்தார் நண்பர் சீட்டு எடுக்கும் வழக்கம் நமது கந்தோர்களிலும் பரவிவருகிறது. பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஒருவர் மற்றொருவருக்கு இரகசியமாகப் பரிசு வைப்பது. நல்ல விளையாட்டுத்தான், பதவி வித்தியாசம் ஒரு நாளைக்கு மறைந்துவிடும். ஆனால் 1,000 ரூபா என்று எல்லை வைத்தால் அது 1,000 ரூபாதான். வசதியுள்ளவர் எல்லையை மீறிப் பெரிய பெட்டி வைக்கும்போது, எல்லைக்குள் நின்றவரின் சிறிய பொட்டலம் எல்லோர் முன்னிலையிலும் வெட்கப்படுகிறது. சேர விரும்பாதவரிடம் காரணம் கேட்காதீர்கள். பகிடிக்காக விளக்குமாறும் சோப்பும் சுற்றி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். சிரித்தவர்கள் மறந்துவிடுவார்கள், பெற்றவர் மறக்கமாட்டார்.

அந்த 500 ரூபாவைச் சிற்றூழியருக்குத் திருப்பிக் கொடுக்க நான் ஒருமுறை முயன்றேன். "என்ன தம்பி, கல்யாணப் பிள்ளைக்குக் குடுத்ததைத் திரும்ப வாங்குறதோ?" என்று சொல்லிக் கையை விலக்கிவிட்டார். அதன்பின் எங்கள் கந்தோரில் எந்தத் தாளையும் நான் சுற்றவிடவில்லை; உறைதான். அவர் எனக்கு முன்னதாகவே இளைப்பாறிவிட்டார். நான் இளைப்பாறிய நாளன்று மாலை, கிடைத்த பொருள்களைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்புக்கு வந்தேன். அங்கே அவர் காத்துக்கொண்டு நின்றார். கந்தோருக்குள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அங்கை எல்லாரும் பெரிய பெட்டியள் வைச்சிருப்பினம்" என்றார். பத்திரிகைத் தாளில் சுற்றிய இரண்டு பனங்கட்டிக் குட்டான்களை என் கையில் வைத்தார். திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. வாங்கிக்கொண்டேன். பஸ் வரும்வரை இருவரும் அவருடைய மகளின் கதையைப் பேசிக்கொண்டு நின்றோம்.